லாஷியோவைத் திருப்பிக் கொடுக்க வைத்த போர்நிறுத்தம்: சீனா நடுவரா, பங்காளியா? (விவாத இழை)

தாட்டோன் பேரன்:

2025 அக்டோபர் கடைசியில் சீனாவின் குன்மிங்கில் இரண்டு நாள் பேச்சு நடந்து, மியன்மாரின் வடக்கே ராணுவ ஆட்சியோடு சண்டை போடும் தஆங் இனப் படை (டிஎன்எல்ஏ) மொகோக்கையும் மொமெய்க்கையும் விட்டு விலக ஒத்துக்கொண்டதும், ராணுவம் முன்னேறுவதையும் விமானத் தாக்குதலையும் நிறுத்துவதாகச் சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். அதற்கப்புறம் நம் பர்மாத் தமிழ் ஆட்கள் எழுதுவதைப் பார்த்தால், வடக்கே சண்டை ஓய்ந்துவிட்டது, சீனா நல்லது செய்தது என்ற பேச்சுதான் அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2023 அக்டோபர் 27ஆம் தேதி சீன எல்லையோரத்துக் கோகாங் படையும் (எம்என்டிஏஏ) தஆங் படையும் அரக்கான் படையும் சேர்ந்து தாக்குதலைத் தொடங்கியபோது சீனா தடுக்கவில்லை. கோகாங்கின் தலைநகரான லௌக்காயில் இருந்த இணைய மோசடிக் கூடங்கள் சீனர்களிடமே பணத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தன, அவற்றை மூடச் சொல்லிக் கேட்டும் இங்கே யாரும் அசையவில்லை. 2024 ஜனவரி முதல் வாரத்தில் லௌக்காய் விழுந்தது, அடுத்த வாரமே குன்மிங்கில் ஹைகெங் போர்நிறுத்த உடன்பாடு. தனக்கு வேண்டியது கைக்கு வந்ததும் சீனா சண்டையை நிறுத்தியது. அந்த உடன்பாடு ஜூன் வரைதான் தாங்கியது. ஜூன் 25இல் மறுபடி தொடங்கி, ஆகஸ்ட் 3இல் வடக்கு ஷான் மாநிலத்தின் பெரிய நகரமான லாஷியோவில் இருந்த வடகிழக்கு ராணுவத் தலைமையகமே போனது. இந்த நாட்டில் ஒரு பிராந்தியத் தலைமையகம் விழுந்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகுதான் சீனா முழுசாகத் திரும்பியது. எல்லை வாசல்களை மூடினார்கள். கோகாங் பக்கத்துக்கு மின்சாரம், தண்ணீர், இணையம் எல்லாவற்றையும் துண்டித்தார்கள். எம்என்டிஏஏ தலைவர் பெங் டாக்சுன் யுன்னானில் சிகிச்சையில் இருக்கிறார் என்றது சீனா, தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. 2025 ஜனவரியில் கையெழுத்து, ஏப்ரலில் சீனக் கண்காணிப்புக் குழு பார்த்துக்கொண்டு நிற்க லாஷியோ ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. களத்தில் தோற்ற நகரம் மேசையில் திரும்பி வந்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கோகாங் பக்கம் அமைதியானதும் ராணுவத்துக்கு அங்கே கட்டிப்போட்ட ஆட்கள் கைக்குக் கிடைத்தார்கள். ஜூலையில் நௌங்சோ, அக்டோபரில் சௌமே, பிறகு சிபோ, வரிசையாகத் தஆங் படையிடமிருந்து திரும்பப் போயின. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், எல்லாமே மாந்தலேயிலிருந்து சீன எல்லை ஊரான முசேவுக்குப் போகும் ஒரே நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர்கள். ஒரு படையோடு செய்த போர்நிறுத்தம் இன்னொரு படையோடு செய்த போருக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது. இதை அமைதி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பயின்னாவுங் வியாபாரி:

தம்பி, நீங்கள் சொன்ன வரிசை எல்லாம் சரி. ஆனால் முடிவில் நான் ஒத்துப்போக மாட்டேன்.

அந்தச் சாலை மூடினால் என்ன ஆகும் என்று நான் தினமும் பார்க்கிறேன். பூண்டு, உரம், மோட்டார் உதிரிபாகம், பாதி மருந்து எல்லாம் சீனாவிலிருந்து முசே வழியாகத்தான் வரும். இங்கிருந்து சோளமும் அரிசியும் பயறும் தர்ப்பூசணியும் அந்த வழியாகத்தான் போகும். சாலை நின்றால் லாரிகள் மலையைச் சுற்றிக்கொண்டு போகும், வழியில் எந்தக் கொடியின் கீழே எந்தச் சாவடி என்று பாராமல் ஒவ்வொன்றிலும் காசு கொடுக்கும், அந்தக் காசு கடைசியில் ரங்கூனில் ஒரு விஸ் பூண்டு வாங்குகிறவர் தலையில்தான் விழும். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு டாலர் 1,330 கியாட் அளவில் இருந்தது, 2025இல் வெளிச்சந்தையில் 4,000க்கும் மேல் போனது. இந்த நிலைமையில் ஒரு சாலை திறந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

சீனா தன் லாபத்துக்காகச் செய்கிறது என்கிறீர்கள். செய்யட்டுமே. லாபம் இல்லாமல் எந்த நாடு வந்து நடுவில் உட்காரும்? லாஷியோவை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கைப்பற்றிய பிறகும் அந்த ஊர் மேல் விமானக் குண்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. குண்டு நின்றது. எனக்கு அந்த ஒன்று போதும், யார் நிறுத்தினார்கள், எதற்காக என்பதெல்லாம் அப்புறம்.

மாந்தலே அக்கா:

வியாபாரி அண்ணே, குண்டு நின்றது உண்மை. லாஷியோவிலிருந்து ஓடி வந்த சொந்தக்காரக் குடும்பம் ஒன்று எங்கள் வீட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் அந்த ஊர்ப் பேச்சு எனக்குத் தினமும் காதில் விழும். ஊர் கை மாறப்போகிறது என்ற செய்தி வந்தபோது அவர்கள் சந்தோஷப்படவில்லை. திரும்பிப் போகலாமா வேண்டாமா என்றுதான் ராத்திரி முழுக்கப் பேச்சு.

காரணம் என்ன? எட்டு மாதத்துக்கும் மேல் ஒரு படை அந்த ஊரை ஆண்டது. அவர்களுடைய அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள், வரி கட்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொன்னபடி கடை திறந்தவர்கள் இருக்கிறார்கள். ஊர் கை மாறினால் இவர்களை யார் காப்பாற்றுவது? ஒப்படைக்கும் ஏற்பாட்டில் இவர்களுக்கு என்ன உறுதி கொடுத்தார்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அடுத்தது, வீட்டில் வயசுப் பையன் இருக்கிறான். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்களே, ஆண்களுக்கு 18 முதல் 35 வரை, பெண்களுக்கு 18 முதல் 27 வரை. ராணுவ நிர்வாகம் திரும்பி வந்தால் அந்தப் பட்டியலும் கூடவே வரும். இன்னொரு படை ஆண்டாலும் அதுவும் ஆள் கேட்கும், அதையும் மறைக்க மாட்டேன். எந்தப் பக்கம் போனாலும் பையனை மறைத்து வைக்க வேண்டிய நிலையில், சாலை திறந்ததை வைத்து மட்டும் எப்படி அண்ணே மனசு ஆறும்?

நிலநடுக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். 2025 மார்ச் 28இல் 7.7 அளவில் பூமி ஆடி மாந்தலேயும் சகாயிங்கும் தரைமட்டமாகின, மூவாயிரத்துக்கும் மேல் செத்துப் போனார்கள். ஏப்ரல் 2இல் ராணுவம் போர்நிறுத்தம் அறிவித்தது, எதிர்ப்பக்கத்துப் படைகளும் தனித்தனியாக அறிவித்தன, ராணுவம் பிறகு நீட்டிக்கவும் செய்தது. அந்த நாட்களிலேயே விமானங்கள் குண்டு போட்டன. இடிபாட்டுக்குள்ளிருந்து ஆளை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தார்கள். அறிவித்ததை யார் மீறினார்கள் என்று கேட்க ஒரு அமைப்பு கூட இல்லை. கேட்க ஆளில்லாத அறிவிப்பை நம்பி நான் யாரையும் ஊருக்குப் போங்கள் என்று சொல்ல மாட்டேன்.

நெறியாளர்:

ஒரு வேண்டுகோள். யாருடைய சொந்தக்காரர் எந்தப் பேட்டையில் இருக்கிறார், எப்போது வந்தார் என்பதை எழுத வேண்டாம். படிப்பவர்கள் எல்லாரும் நம் ஆட்கள் இல்லை. விவாதம் தொடரட்டும்.

மொலமைன் மாமா:

பிள்ளைகளே, கோகாங் கதையை 2023இலிருந்து தொடங்கினால் பாதிதான் புரியும்.

1989இல் பர்மா கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது. உடைந்த துண்டுகளில் ஒன்றுதான் பெங் ஜியாஷெங் தலைமையிலான கோகாங் படை. ராணுவ உளவுத்துறைத் தலைவராக இருந்த கின் நியுன்ட் போய் அவரோடு போர்நிறுத்தம் செய்தார், அந்தக் காலத்துப் போர்நிறுத்தங்களில் முதலாவது அதுதான். ஆயுதத்தை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இடத்தை நீங்களே பாருங்கள், வியாபாரம் செய்யுங்கள், எங்களைச் சுடாதீர்கள், இவ்வளவுதான் உடன்பாடு. அரசியல் பேச்சு பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பிறகு இருபது வருஷமாகியும் வரவில்லை. 2009இல் ராணுவத்தின் கீழே எல்லைக் காவல் படையாக மாறுங்கள் என்று ராணுவம் நெருக்கியது, பெங் மறுத்தார், சில நாட்களில் லௌக்காயை எடுத்துக்கொண்டு வேறு ஆளை உட்கார வைத்தார்கள். அந்த நடவடிக்கையில் பொறுப்பில் இருந்தவர், பின்னால் 2021இல் ஆட்சியைப் பிடித்த மின் ஆங் லாய். ஆயிரக்கணக்கான ஜனங்கள் எல்லை தாண்டிச் சீனாவுக்குள் ஓடினார்கள். 2015இல் பெங்கின் ஆட்கள் திரும்பி வரப் பார்த்து முடியவில்லை. 2023இல் அவர் மகன் பெங் டாக்சுன் வந்தார். அப்பாவிடமிருந்து பிடுங்கிய ஊரை மகன் எடுத்தார் என்று இதைப் பார்த்தால்தான் லௌக்காயை அவர்கள் ஏன் விடவில்லை, லாஷியோவை ஏன் விட்டார்கள் என்பது புரியும். லௌக்காய் அவர்கள் வீடு. லாஷியோ அப்படி இல்லை, அங்கே ஷான், பாமர் (பர்மிய இனத்தவர்), சீனர், நம் ஆட்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள்.

2015 அக்டோபர் 15இல் நாடு தழுவிய போர்நிறுத்த உடன்பாடு என்று தலைநகர் நேப்பிடோவில் விழா எடுத்தார்களே, எட்டுக் குழுக்கள்தான் கையெழுத்துப் போட்டன. 2018இல் இன்னும் இரண்டு சேர்ந்தன, அதில் ஒன்று எங்கள் பக்கத்து மோன் கட்சி. கோகாங், தஆங், அரக்கான் மூவரையும் அன்றைக்கு உள்ளேயே விடவில்லை. உள்ளே விடாத மூவர்தான் பின்னால் சேர்ந்து அடித்தார்கள். நான் பார்த்த போர்நிறுத்தங்களில் துப்பாக்கி எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் எழுதியிருக்கும், நிலம் யாருடையது என்பது எழுதியிருக்காது. 1964இல் கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறிய குடும்பங்களில் வந்தவர்கள் நாம், அந்தக் கேள்வியை நாம் லேசாக விடக் கூடாது.

தென்கரை:

மாமா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2002 பிப்ரவரியில் இலங்கையில் நார்வே நடுவில் நின்று செய்த போர்நிறுத்தத்தை நம்மில் வயதானவர்கள் நாள்தோறும் வானொலியில் கேட்டிருப்பீர்கள். அங்கே கண்காணிப்புக் குழு இருந்தது, மீறல்களைப் பதிவு செய்தது, அறிக்கை கொடுத்தது. அப்படியும் என்ன ஆனது? 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றியத்து நாடுகளான சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆட்கள் கண்காணிப்புக் குழுவிலிருந்து வெளியேற வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள், மிஞ்சியது நார்வேயும் ஐஸ்லாந்தும். 2008 ஜனவரியில் இலங்கை அரசு உடன்பாட்டையே விட்டு விலகியது. எந்த ஆசையும் இல்லாத தூரத்து நாடு வந்து நின்றும் அது காப்பாற்றவில்லை. மீறினால் தண்டிக்க நார்வேயிடம் ஒன்றும் இல்லை. அப்படிப் பார்த்தால் சொன்னதைச் செய்ய வைக்கும் பலமுள்ள சீனா நடுவில் இருப்பது பரவாயில்லையே? வியாபாரி ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தாட்டோன் பேரன்:

தென்கரை அண்ணே, பலம் வேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. அந்தப் பலம் யார் மேல் பாய்ந்தது என்று பாருங்கள். மின்சாரம் துண்டிப்பு, வாசல் அடைப்பு, தலைவரைப் பிடித்து வைத்தது, 2025 ஆகஸ்டில் சீன எல்லையோரத்து இன்னொரு இனப் படையான வா படையை வைத்துத் தஆங் படைக்கு இனி ஆயுதமோ பணமோ தர முடியாது என்று சொல்ல வைத்தது, இவை அத்தனையும் ஒரே பக்கத்தின் மேல். மறுபக்கத்தில் 2024 ஆகஸ்டில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி நேப்பிடோவுக்கு வந்தார், நவம்பரில் மின் ஆங் லாய் குன்மிங் போனார், ஆட்சியைப் பிடித்த பிறகு சீனாவுக்கு அவர் போன முதல் பயணம். விமானம் பறக்கக் கூடாது என்று அந்தப் பக்கத்தை நெருக்கியதாக நான் எதையும் பார்க்கவில்லை. வரப்புத் தகராறில் மதகின் சாவியை இடுப்பில் வைத்திருப்பவர் பஞ்சாயத்துக்கு வந்து உட்கார்ந்தால், கடைமடைக்காரன் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டுவான். அவன் தலையாட்டினான் என்பதை வைத்துத் தீர்ப்பு சரி என்று சொல்ல முடியாது.

இலங்கையில் கண்காணிப்புக் குழுவின் பலவீனம் உண்மை. ஆனால் அங்கே மீறல் அறிக்கை வெளியே வந்தது, யார் எத்தனை முறை மீறினார்கள் என்று உலகம் படித்தது. லாஷியோவுக்கு வந்த சீனக் குழு யாருக்கு அறிக்கை கொடுத்தது? ஊர்க்காரர்களுக்கு இல்லை.

தீர்வை வீதி வாசகன்:

நடுவில் ஒரு கேள்வி. இந்தியா எங்கே? 1,643 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது, நாமெல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான், ஒரு பேச்சுவார்த்தையிலும் பெயரே காணோமே.

பயின்னாவுங் வியாபாரி:

இந்தியாவுக்கு இங்கே இருக்கும் கணக்கு வேறு தம்பி. எனக்குத் தெரிந்த கணக்கையே சொல்கிறேன். நம்மிடமிருந்து வருஷத்துக்கு 2,50,000 டன் உளுந்தும் 1,00,000 டன் துவரையும் வாங்குவதாக 2021இல் ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பகோ பக்கத்து வயலில் விளைந்த உளுந்து கப்பலேறிச் சென்னையில் இட்லி மாவாகிறது. அந்த வழி கடல் வழி, ரங்கூன் துறைமுகம் ராணுவத்தின் கையில். அதனால் நேப்பிடோவைப் பகைத்துக்கொள்ள டெல்லி தயங்கும்.

இன்னொரு பக்கம் மிசோரத்துக்கு வழி போடும் இந்தியாவின் காலாதான் திட்டம். 2008இல் ஒப்பந்தம், சித்வே துறைமுகம் 2023 மே மாதம் திறந்தாயிற்று. அங்கிருந்து ஆற்றில் பலேத்வா போய், பிறகு சாலையில் மிசோரம். 2024 ஜனவரியில் பலேத்வாவை அரக்கான் படை எடுத்துக்கொண்டது. துறைமுகம் ஒருவர் கையில், ஆற்றின் மேல்பக்கம் இன்னொருவர் கையில். இரண்டு பேரிடமும் பேசாமல் ஒரு மூட்டை போகாது. அதனால் சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நடுவர் நாற்காலியைக் கேட்கவில்லை.

ஆசியான் பற்றியும் யாராவது கேட்பீர்கள். 2021 ஏப்ரலில் ஜகார்த்தாவில் ஐந்து அம்ச இணக்கம், முதல் அம்சமே வன்முறையை உடனே நிறுத்துவது. நடக்கவில்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு மலேசியப் பிரதமர் அன்வர், பாங்காக்கில் மின் ஆங் லாயைப் பார்த்துப் போர்நிறுத்தத்தை நீட்டிக்கச் சொன்னார், ராணுவத்தை எதிர்ப்பவர்கள் அமைத்த எதிர்த்தரப்பு அரசோடும் இணையத்தில் பேசினார். அது ஒரு நல்ல முயற்சி. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மாந்தலே அக்கா:

எனக்கு இந்தக் கணக்குகளில் ஒரே ஒரு பயம். 2024 செப்டம்பரில் கோகாங் படை, மாந்தலேயையோ தௌன்ஜியையோ தாக்க மாட்டோம் என்று அறிவித்தபோது எங்கள் தெருவில் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு, நானும்தான். அதே அறிக்கையில் மக்கள் பாதுகாப்புப் படைகளை நடத்தும் எதிர்த்தரப்பு அரசோடு சேர மாட்டோம் என்றும் சொன்னார்கள். அதாவது எங்கள் ஊர் தப்பியது, சகாயிங் கிராமங்கள் தனியாக விடப்பட்டன. அந்தக் கிராமங்களுக்காக எந்தப் பெரிய நாடும் குன்மிங்கிலோ வேறெங்குமோ மேசை போடவில்லை. அங்கே சீனாவுக்குப் போகும் எண்ணெய்க் குழாயும் இல்லை, சீன எல்லை வாசலும் இல்லை.

மொலமைன் மாமா:

மகள் சொன்னது சரி. குழாய் என்றதும் அடுத்தது எங்கே என்பதையும் பேசிவிடலாம். மேற்குக் கரையில் இருக்கும் ராக்கைன் மாநிலத்தில் 17 டவுன்ஷிப்களில் 14 அரக்கான் படை கையில். மிச்சம் சித்வே, சௌபியு, மானௌங். சௌபியுவிலிருந்துதான் சீனாவுக்கு எரிவாயு 2013இலிருந்தும் எண்ணெய் 2017இலிருந்தும் குழாயில் போகிறது. இப்போது அந்த ஊரைச் சுற்றித்தான் சண்டை.

லாஷியோவில் செய்ததை அங்கே சீனாவால் செய்ய முடியாது என்பது என் எண்ணம். ராக்கைனுக்குச் சீனாவோடு எல்லை கிடையாது, மூட ஒரு வாசலும் இல்லை, துண்டிக்க ஒரு மின்கம்பியும் இல்லை. பக்கத்தில் இருப்பது பங்களாதேஷும் இந்தியாவும். 2022 நவம்பரில் அங்கே ஒரு போர்நிறுத்தம் வந்தபோதும் நடுவில் இருந்தது சீனா இல்லை, ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளைத் தலைவர் சசகாவா. அது ஒரு வருஷம் தாங்கியது. அதனால் சௌபியுவில் சீனா மிரட்டலை விட பேரத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கும், குழாயைத் தொடாதே, உனக்கு என்ன வேண்டும் சொல் என்று.

தாட்டோன் பேரன்:

மாமா, அந்தப் பேரத்தில் ரொஹிங்கியா முஸ்லிம்கள் எங்கே நிற்பார்கள்? 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேல் பங்களாதேஷுக்கு ஓடினார்கள், 2024இல் பூத்திடௌங், மௌங்டோ சண்டையில் மறுபடி ஓடினார்கள். அரக்கான் படையும் சீனாவும் ராணுவமும் சௌபியுவுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டால் காக்ஸ் பஜார் முகாமில் இருப்பவர்களைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்?

பயின்னாவுங் வியாபாரி:

யாரும் திறக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், அதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் தம்பி, என் நிலைப்பாடு மாறவில்லை. முழு நியாயம் கிடைக்கும் வரை குண்டு விழட்டும் என்று என்னால் எழுத முடியாது. முதலில் நிற்கட்டும், நின்ற பிறகு கேட்கலாம்.

மாந்தலே அக்கா:

நின்ற பிறகு கேட்க விட மாட்டார்கள் அண்ணே, 1989க்குப் பிறகு என்ன நடந்தது என்று மாமா எழுதியிருக்கிறாரே. கேட்பதானால் கையெழுத்துக்கு முன்னால்தான் கேட்க வேண்டும், பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஊர் கை மாறினால் பழைய நிர்வாகத்தில் வேலை பார்த்தவரைப் பிடிக்கக் கூடாது. திரும்பி வருகிறவர் பெயரைக் கட்டாயச் சேவைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. கண்ணிவெடியை எடுத்த பிறகே ஆட்களை வயலுக்கு அனுப்ப வேண்டும், 2023இல் கண்ணிவெடியிலும் வெடிக்காமல் கிடந்த குண்டிலும் செத்தவர்கள், காயம்பட்டவர்கள் 1,003 பேர், அந்த வருஷம் உலகத்திலேயே அதிகம் நம் நாட்டில்தான். கண்காணிப்புக் குழு யாராக இருந்தாலும், சீனாவாகவே இருந்தாலும், மீறல்களைப் பர்மிய மொழியிலும் ஷான் மொழியிலும் ஊரில் ஒட்ட வேண்டும். இதில் எதுவும் குழாயையோ சாலையையோ தடுக்காது. சங்கங்களில் இருப்பவர்கள், தூதரகங்களோடு பேசப் போகிறவர்கள் இந்த இழையில் சிலர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நன்கொடைப் பட்டியலோடு போகும்போது இந்த நாலையும் கேளுங்கள்.